அண்ணி தேய்க்காமல் விட்ட கண்ணாடி

என் அண்ணி கஸ்தூரியம்மாளுக்கு உலகத்தில் ஆகாத ஒரே நிறம் பச்சை என்று நான் கேலி செய்வதுண்டு. புடவையில் இருந்தால் பரவாயில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலோ குளியலறைத் தரையிலோ பச்சையாக ஒரு பிசுக்கு தென்பட்டால் போதும், தேங்காய் நார் கைக்கு வந்துவிடும். கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமை விடிவதே அண்ணி வீட்டில் நார் உரசும் சத்தத்தில்தான்.

கல்யாணமாகி வந்த இருபத்தேழு வருஷமாக அவள் இப்படித்தான். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். எவ்வளவு பசித்தாலும் கூடையையும் கத்தியையும் கல்லுப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்த பிறகுதான் சோற்றுத் தட்டில் கை வைப்பாள். மீன் விற்கிற வீட்டில் மீன் வாடை வரக் கூடாதாம். நடக்கிற காரியமா அது? ஆனாலும் பாதிக்கு மேல் நடத்திக் காட்டியவள் அவள்.

போன வருஷம் அந்தப் பிடிவாதத்துக்கு ஓர் அடி விழுந்தது. மகள் சத்யாவைப் பெண் பார்க்க மீஞ்சூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களும் எங்கள் ஆட்கள்தான். கரையை விட்டுப் போய் பத்து வருஷம்கூட ஆகவில்லை. கேசரியைத் தின்றுவிட்டுப் போனவர்கள், வீடு கவிச்சி அடிக்கிறது, எங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லியனுப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுத்த பஸ்ஸிலேயே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன், அண்ணன்தான் தடுத்துவிட்டான்.  அன்று மாலைக்குள் அண்ணி வீட்டை மூன்று முறை கழுவினாள். பெண்ணின் காதில் விழும்படி இன்னொருவர் அப்படிச் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அன்றிலிருந்து அவளுடைய ஒரே கவலை.

இந்த வீட்டுக்குள்தான் என் அண்ணன் அங்கமுத்து ஒரு மீன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். சத்யா வேலை செய்யும் மருந்துக் கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய நாலடித் தொட்டி அது. வேறு யாராக இருந்தாலும் கடையில் போய் சிவப்பு மீன் வாங்கி விட்டிருப்பார்கள். அண்ணன் தன் வலையில் விழுந்த இரண்டு கெண்டையை வாளியில் உயிரோடு எடுத்து வந்தான். உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட தட்டை மீன். கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். தண்ணீரும் கேன் கேனாகப் பழவேற்காடு ஏரியிலிருந்தே வந்தது. முப்பத்தைந்து வருஷமாக மீனைச் சாகடித்துப் பிழைத்தாயிற்று, இரண்டையாவது வாழ வைத்துப் பார்க்கிறேன் என்றான். குழம்புக்குப் போக வேண்டியதற்குக் கூடத்தில் இடமா என்று தெருவே சிரித்தது.

முதல் இரண்டு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டுக்கொண்டு அந்தத் தொட்டியைத் தேய்த்தார்கள். எங்கள் ஊரில் படகின் அடியில் பாசி பிடித்திருந்தால் அதன் சொந்தக்காரன் சோம்பேறி என்று அர்த்தம். ஏரியில் வலை போட நம் முறை வராத நாள்களில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து அடியைச் சுரண்டுவதுதான் ஆண்களுக்கு வேலை. அந்தப் பழக்கத்தில் அண்ணன் தொட்டியையும் சுரண்டினான். அவன் விட்ட இடத்தை வெள்ளிக்கிழமை அண்ணி நார் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. மீன்கள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தன. கடையில் வாங்கிய தீவனத்தை அவை சீந்தவே இல்லை.

ஒரு நாள் ஏரியில் பசியாவரத்துப் பக்கம் போன அண்ணன், தண்ணீரில் ஊன்றிக் கிடந்த பழைய கம்புகளைச் சுற்றி இதே கெண்டைகள் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறான். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. நேராக வீட்டுக்கு வந்து நாரைப் பிடுங்கி வெளியே எறிந்தான்.

"அதோட சோத்தையே வாரா வாரம் தேச்சி வெளிய கொட்டினுகீற கஸ்தூரி. நானும் சேந்துதான் கொட்டிகீறேன்" என்றான்.

அண்ணி லேசில் விடவில்லை. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. முன் கண்ணாடி அண்ணிக்கு, மற்ற மூன்று பக்கமும் மீனுக்கு. ஜன்னல் வெயில் பட்டுப் பாசி ஜோராக வளர்ந்தது, மீன்களும் ஒரு சாண் நீளத்துக்குத் தேறின. வருகிறவர்கள் எல்லாம் ஏரியை வீட்டுக்குள் இழுத்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். அண்ணி தன் பங்குக் கண்ணாடியைத் தினமும் பழைய செய்தித்தாளால் துடைத்து மனசை ஆற்றிக்கொண்டாள்.

மாசி மாதம் மறுபடி ஒரு வரன் வந்தது. பையன் பெயர் விமல், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமையே அண்ணி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தாள். மீதி இருந்தது அந்த மூன்று பக்கக் கண்ணாடிதான். அண்ணன் கூடாது என்றான். ஒரு தடவை சுரண்டினால் செத்தா போய்விடும், பெண்ணைவிட மீன் பெரிசா என்று அவள் கேட்டாள்.  மறுநாள் காலையில் அண்ணன் எழுந்து பூ, பழம் வாங்கப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போய்விட்டான்.

நான் அடுப்படியில் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு, நாரோடு தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டாள். அடுத்த நொடி கையை வெளியே இழுத்தாள். பெரிய கெண்டை அவள் விரலில் மோதியிருந்தது. தெரியாமல் பட்டிருக்கும் என்று மறுபடி விட்டாள். இந்தத் தடவை இரண்டும் சேர்ந்து வந்து முட்டின.

வறுத்ததை இறக்கி வைத்துவிட்டு நானும் போய்ப் பார்த்தேன். பின் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு மீன்களே பாசியைச் சுத்தமாகத் தின்று இடம் ஒதுக்கியிருந்தன. அந்த இடத்தில் கேழ்வரகு போல நெருக்கமாக முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒரு மீன் விசிறுகிற மாதிரி துடுப்பை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. இன்னொன்று அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணி எத்தனை ஆயிரம் மீனின் வயிற்றைக் கீறிச் சினை எடுத்திருப்பாள். வாடிக்கைக்காரர்களுக்குத் தனியாகக் கட்டிக் கொடுப்பாள், எங்களுக்கும் வறுத்துப் போடுவாள். வயிற்றுக்கு வெளியே, உயிரோடு, காவலோடு அதை அவள் பார்த்ததே இல்லை. நானும்தான் பார்த்ததில்லை. 

"என்னியே அடிக்க வருது மனோ" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. நாரைப் பிழிந்து கொல்லையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். விமல், அவன் பெற்றோர், தாய்மாமன், நாலு பேர். சத்யா காபி கொடுத்தாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் மூச்சு விடப் போன நேரத்தில் பையனின் அம்மா தொட்டிப் பக்கம் திரும்பினார். வீடெல்லாம் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்கள், இதை மட்டும் கழுவுவதில்லையா, இவ்வளவு பாசி பிடித்திருக்கிறதே என்றார். சத்யாவின் முகம் வெளிறிப்போனது. அண்ணன் தரையைப் பார்த்தான். தான்தான் காரணம் என்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"முட்ட வெச்சிகீது. புள்ள பெத்த ஊடு, அப்படித்தான் இருக்கும்."

 கெட்டது காரியம் என்றுதான் நான் நினைத்தேன். அந்த அம்மா எழுந்து தொட்டியிடம் போய்க் குனிந்தார். கெண்டை கண்ணாடிக்குள்ளிருந்தே அவரை நோக்கிப் பாய்ந்தது. அவர் பின்வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பொரிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார். நாலு நாள் என்றான் அண்ணன்.

"அப்ப வியாழக்கெழம நானே பூ எடுத்துனு வரேன்" என்றார்.

சொன்னபடியே வியாழக்கிழமை வந்தார். வாசலிலேயே அவர் கையிலிருந்த பூத்தட்டை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணி அவரை நேராகத் தொட்டியிடம் அழைத்துப்போனாள். இரண்டு அம்மாக்களும் தரையில் உட்கார்ந்து, பாசிக்குள் தூசு தூசாகத் திரிந்த குஞ்சுகளை எண்ணத் தொடங்கினார்கள். சத்யாவுக்குப் பூ வைக்க அவர்களை நான் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.