தென்னை மரத்தடியில் ஐம்பது மீட்டர்

சந்தனமாரிக்கு ஐம்பது மீட்டர் நீளத்தில் ஆளில்லாத ஓர் இடம் உடனே தேவைப்பட்டது. போன பங்குனியில் வில்லோடும் அம்போடும் வத்திராயிருப்புப் பக்கம் போய் வந்ததற்கு அதுதான் காரணம். அம்பு எய்யத் திறந்தவெளி தேடி அலைகிறவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மாரி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் மதுரைக்கு வந்து என்னோடு வில் பயிற்சி எடுப்பாள். எங்கள் மைதானம் நாற்பது மீட்டரோடு சுவரில் முட்டிவிடும். அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு மாவட்ட அணிக்கான தேர்வு, அதுவும் ஐம்பது மீட்டரில். வில்லில் குறிபார்க்கிற சைட்டைத் தூரம் கூடக் கூடக் கீழே இறக்க வேண்டும்; ஐம்பதுக்கு அதை அளவுகோலில் எந்தக் கோட்டில் வைப்பது என்று தெரியாமல் போனால் அம்பெல்லாம் புல்லில்தான் விழும். போன வருடம் அப்படித்தான் விழுந்தது. அழுதுகொண்டே பஸ் ஏறினாள். இந்த முறை நான் விடுவதாக இல்லை.

எனக்குச் செயற்கைக்கோள் வரைபடம் என்றால் பைத்தியம். படுக்கையில் கிடந்தபடியே பாதி விருதுநகர் மாவட்டத்தை அளந்து வைத்திருக்கிறேன். வ. புதுப்பட்டிக்கு வெளியே மாரியின் தாய்மாமாவுக்கு வயல் உண்டு என்று அவள் சொன்னதும் மேப்பைத் திறந்தேன். அறுவடை முடிந்த வயல், அதன் மேற்கே கண்மாய்க்கரை. அம்பு தவறினால் தாங்கிக்கொள்ள அதைவிட நல்ல மண்சுவர் எங்கே கிடைக்கும்? நீளமான வரப்பு ஒன்று கரையில் போய் முட்டுகிறது. அந்த வரப்போரமாக ஒற்றைத் தென்னை. கரையடியில் ஒரு புள்ளி, தென்னையில் ஒரு புள்ளி வைத்தேன். சரியாக ஐம்பது மீட்டர் காட்டியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மதுரையிலிருந்து ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பேருந்தில் இரண்டரை மணி நேரம். நான் கொண்டுபோனது சாக்கில் சுற்றிய சதுர ஃபோம் டார்கெட். "என்னம்மா, கேரம் போர்டா?" என்றார் கண்டக்டர். அம்பு விடுகிற பலகை என்றேன். "யார் மேல?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ராஜபாளையத்தில் மாரியின் ஸ்கூட்டர். காலுக்கிடையில் வில் பெட்டி, என் முதுகில் டார்கெட். காற்றடிக்கும்போதெல்லாம் பட்டம் மாதிரி என்னைத் தூக்கப் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு வத்திராயிருப்பு சாலையைப் பிடித்தோம். அங்கிருந்து இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும். மலை கூடவே வந்தது. வழி முழுக்கப் பாடிக்கொண்டே போனோம், இரண்டு பேருக்கும் சுருதி சேராது என்பது வேறு விஷயம்.

மாமா வயலிலேயே காத்திருந்தார். "ஏட்டி மாரி, அம்பு கரைக்கு அங்கிட்டுப் போயிராதுல்ல?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் தானே கரைமேல் ஏறினார். மறுபக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "ஏலே, செத்த நேரம் அந்தப் பக்கமாப் பத்திட்டுப் போ" என்று குரல் கொடுத்தார். பிறகு யாரும் வராமல் பார்த்துக்கொள்ள அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

கரையடியில் டார்கெட்டை நிறுத்தினோம். தென்னையடியில் நின்று மாரி எய்தாள். முதல் அம்புகள் மேலே போயின. சைட்டை மாற்றி மாற்றிப் பார்த்ததில், முப்பத்து மூன்றாவது கோட்டில் வைத்தபோது எல்லாமே நடு மஞ்சள் வட்டத்தில் கொத்தாகப் போய்க் குத்தின. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். படம் எடுத்து எங்கள் வில் பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'ஐம்பது மீட்டர், மஞ்சள்' என்று எழுதியும் விட்டேன்.

மாரி மட்டும் சிரிக்கவில்லை. சைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது மீட்டருக்குப் பதினெட்டு. நாப்பதுக்கு இருவத்தேழு. பத்து மீட்டருக்கு ஒம்பது கோடு எறக்கியிருக்கேன். இப்ப அடுத்த பத்து மீட்டருக்கு ஆறே கோடுதானா? தூரம் கூடுனா அம்பு இன்னும்ல தாழணும்?"

"நல்லாத்தானே விழுது, விடேன்" என்றேன். எனக்கு எரிச்சல்தான். படத்துக்கு அதற்குள் ஏகப்பட்ட பாராட்டு.

"இங்க நல்லா விழுது. ஞாயித்துக்கெழம அங்க விழணுமே."

அந்த இடத்தை மேப்பில் மறுபடி பெரிதாக்கினேன். தென்னைக்குப் பின்னால் ஒரு குறுக்கு வரப்பு. கரையிலிருந்து அதற்கு ஐம்பத்து நான்கு மீட்டர், அப்படியானால் மரத்துக்கும் வரப்புக்கும் நடுவே நான்கு மீட்டர் இருக்க வேண்டும். அளக்க டேப் இல்லை. மாரி ஓர் அம்பை எடுத்து, மரத்தின் அடியிலிருந்து முனைக்கு முனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே அந்த வரப்பு வரை போனாள். அவளுடைய அம்பின் நீளம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பதினோரு அம்பு பிடித்தது. ஏறக்குறைய எட்டு மீட்டர்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மரம் குறுக்கு வரப்புப் பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. போதாதற்குச் செயற்கைக்கோளும் படத்தைச் சாய்வாக எடுத்திருக்கிறது. உயரமான எதுவும் அப்படிப்பட்ட படத்தில் ஒரு பக்கமாகச் சரிந்துதான் தெரியும். நான் புள்ளி வைத்தது கொண்டையில், நாங்கள் நின்றது அடித்தூரில். இத்தனை நேரம் எய்தது நாற்பத்தாறு மீட்டரில்.

எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம், அதை மறைக்கப் போவதில்லை. மேப் பொய் சொல்லவில்லை, அதைப் படிக்கிற வித்தை பிடிபட்டுவிட்டது. குறுக்கு வரப்பிலிருந்து கரைப் பக்கமாக நான்கு மீட்டர் உள்ளே வந்து கோடு கிழித்தோம். நிழல் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். மாரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பழைய கோட்டில் வைத்து எய்த அம்புகள் மஞ்சளுக்குக் கீழே வரிசையாக விழுந்தன. இறக்கிக்கொண்டே வந்தாள். முப்பத்தேழில் மஞ்சள்.

"பத்து கோடு. இப்பத்தான் சரியா இருக்கு" என்று அப்போதுதான் சிரித்தாள். கரைமேலிருந்து மாமா, "முடிஞ்சுதா? எம்புட்டு நேரம்தான் நான் காவல் காக்க? சோறு ஆறிப் போவுது" என்றார்.

இப்படி இடம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேப்பில் அளக்கும்போது மரத்தையும் கூரையையும் நம்பாதீர்கள். வரப்பு மூலை, சாலையோரம், களத்தின் விளிம்பு என்று தரையோடு கிடப்பதில் மட்டும் புள்ளி வையுங்கள். ஒரே கோட்டில் மூன்று புள்ளி எடுத்துக்கொண்டால், ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக் கொடுத்துவிடும். நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். கரைக்கு மறுபக்கம் பார்க்க ஓர் ஆளை நிறுத்தாமல் ஓர் அம்புகூட விடாதீர்கள். ஒரு டேப், குடை, நிறையத் தண்ணீர். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட காலம்தான் தோது. குழுவில் போட்ட படத்தை அன்றே எடுத்துவிட்டேன்.

தேர்வு நாளன்று மாலையில் மாரி அழைத்தாள். தேர்வாகிவிட்டாள். எத்தனையாவது இடம் என்றுகூடக் கேட்கவில்லை, "சைட் எதுல வச்ச?" என்றுதான் வாயில் வந்தது.

"முப்பத்தேழுலதான். மொத அம்புலருந்து கடைசி அம்பு வரைக்கும் கையே வைக்கல."