சித்தியைப் பெண் பார்த்த துரைத் தோட்டம்

தூங்குமூஞ்சி மரத்தின் காய் காலில் மிதிபட்டால் வெல்லம் காய்ச்சுகிற இடத்து வாசனை ஒன்று எழும். செருப்படியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு நினைவு வருவது துரைத் தோட்டமும், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என் சித்தியும்தான்.

அரசாங்கக் காகிதங்களில் அந்த இடத்துக்கு வேறு பெயர். எங்களுக்கு அது 'துரைத் தோட்டம்'. பிரெஞ்சுக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை, ஊர் இரைச்சல் பிடிக்காமல், வயல்வெளிக்கு நடுவே காற்று வாங்கக் கட்டிய மாளிகை அது. துரை போன பிறகு பாண்டிச்சேரி மெல்ல வளர்ந்து நாலா பக்கமும் வந்து சூழ்ந்துகொள்ள, அவர் ஆசைப்பட்டு வாங்கிய காற்றை நாங்கள் எல்லோரும் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தோம். மஞ்சள் சுவர், எப்போதும் சாத்தியே கிடக்கும் பச்சைப் பலகைச் சன்னல்கள், மாளிகைக்கு முன்னால் தண்ணீரே வராத ஒரு 'பவுண்டன்', சுற்றிலும் மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்த எனக்கு, அவ்வளவு பெரிய இடத்தை ஒரே ஆள் வைத்துக்கொண்டு என்னதான் செய்திருப்பார் என்பது பெரிய சந்தேகமாக இருந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தத் தோட்டத்துக்கு ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பெண் பார்ப்பது. வீட்டுக்கு வரச் சொன்னால் கேசரி கிண்ட வேண்டும், பஜ்ஜி போட வேண்டும், 'போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று அவர்கள் படியிறங்கிப் போவதைத் தெருவே நின்று பார்க்கும். தோட்டம் என்றால் அந்த வம்பு கிடையாது. இரண்டு குடும்பமும் காற்று வாங்க வந்தது, வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்தது, அவ்வளவுதான். பிடிக்காமல் போனாலும் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. ஞாயிறு மாலை அங்கே போனால் இந்தத் தற்செயல் குடும்பங்களை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம்: புழுதியில் பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து மாளாத ஒரு வாலிபர்.

என் அம்மாவின் தங்கையான சித்தி, பாண்டிச்சேரி ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வண்டி ஹாரன் அடிப்பதற்கு முன்பே தெருமுனையில் நிற்பாள். அவள் கையில் எப்போதும் மருந்து வாசனை இருக்கும். அந்த வேலை அவளுக்கு உயிர். வீட்டுக்கு வந்து பார்த்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் அவளைப் பிடித்தது, வேலைதான் பிடிக்கவில்லை. 'கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு?' என்று அவர்கள் கேட்பதும், உள்ளேயிருந்து சித்தி 'நிறுத்த மாட்டேன்' என்று சொல்வதும், அதோடு அந்தச் சம்பந்தம் நின்று போவதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே இந்த முறை மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:

"வேலைப் பேச்சையே எடுக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் தாலி ஏறட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

சித்தி அம்மா எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "காத்து வாங்கப் போறவ பட்டா கட்டிக்கிட்டுப் போவா?" என்று சாதாரண நூல் புடவையில் கிளம்பினாள். ஒன்பது வயதுக்காரி நான் அவளுக்குத் துணை.

மாப்பிள்ளை வீட்டார் பவுண்டன் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், நாம் அந்த வழியே நடக்க வேண்டும் என்பது தரகர் செய்த ஏற்பாடு. கைபேசி இல்லாத காலம். மாப்பிள்ளையின் போட்டோகூட எங்களுக்கு வந்து சேரவில்லை. நாங்கள் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. மாமா எங்களை அப்படியே இழுத்து மாளிகையின் பக்கவாட்டில் நிறுத்தினார். "மொதல்ல போயி நின்னா எளக்காரமா நெனப்பாங்க. அவங்க வரட்டும்." நின்றோம். பவுண்டன் காலியாகவே கிடந்தது. அம்மா தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தாள்.

எனக்குக் கால் கடுத்தது. "வாடி, துரை வூட்ட பாக்கலாம்" என்று சித்தி என்னை மாளிகையின் பின்புறம் அழைத்துப் போனாள். அங்கே ஒருவர் சன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கூச்சத்தோடு நகர்ந்து இடம் விட்டார்.

"பாப்பாவுக்குக் காட்டுங்க. மேல பாருங்க, அந்தக் காலத்து ஒயரு. துணி சுத்துனது. இன்னும் அப்படியே கெடக்குது."

உள்ளே வெள்ளைத் துணி போர்த்திய பிரம்மாண்டமான தொங்கு விளக்கு ஒன்று இருந்தது. எல்லோரும் வாய் பிளக்கும் அதை விட்டுவிட்டு இந்த மனிதர் ஒயரைப் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன தொழில் என்று சித்தி கேட்டாள்.

"உப்பளம் ஏரியாவுல மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்தி காயில் கட்டுற கடைங்க."

சித்தியின் பிடி இறுகியது. தரகர் சொன்ன மாப்பிள்ளையும் உப்பளத்தில் காயில் கட்டுகிறவர்தான்.

"ஒங்க பொண்ணுங்களா?" என்று அவர் என்னைக் காட்டினார்.

"ஆமா" என்றாள் சித்தி, கண்ணைக்கூட இமைக்காமல்.

அதற்குப் பிறகு அவர் தாராளமாகப் பேசினார். பெண் பார்க்க வந்திருக்கிறாராம். பெண் வீட்டார்தான் முதலில் வந்து உட்கார வேண்டும் என்று அவர் அம்மா மரத்துக்குப் பின்னால் காத்து நிற்கிறாராம்.

"பொண்ணு வேலைக்குப் போவுதா?" என்றாள் சித்தி.

"மேட்டுப்பாளையத்துக்குப் போவுதாம்."

"நிறுத்தச் சொல்லுவீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்குக் கை வலித்தது, சித்தி விடவில்லை.

"கடைய வுட்டுட்டு வான்னு யாராச்சும் சொன்னா நான் வுட்டுடுவேனா? அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தானங்க இருக்கும்."

அப்போதுதான் விசில் ஊதியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து 'பான்சியோன்' என்கிற பென்ஷன் வாங்கிய தாத்தா ஒருவர் அங்கே காவல். சாத்தும் நேரம் வந்துவிட்டால் "ஃபெர்மே! ஃபெர்மே!" என்று, சாத்தியாச்சு என்பதைப் பிரெஞ்சில் கத்தி எல்லோரையும் ஆடு ஓட்டுவதுபோல ஓட்டுவார். நாங்கள் மூவரும் பவுண்டன் பக்கம் வந்தபோது, அவருக்குப் பயந்து மாமாவும் அம்மாவும் ஒரு பக்கமிருந்தும், பருமனான ஓர் அம்மாளும் தரகரும் மறுபக்கமிருந்தும் பவுண்டனுக்கு ஓடி வந்தார்கள். மரியாதை காற்றில் போயிற்று. மாமா மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுதாங்க எங்க தங்கச்சி" என்று சித்தியைக் காட்ட, மாப்பிள்ளை பேய் அறைந்தவர் போல என்னையே பார்த்தார்.

"அக்கா பொண்ணுங்க" என்றாள் சித்தி.

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு சிரித்தார், அடக்க மாட்டாமல் சிரித்தார். அவருடைய அம்மா அதைக் கண்டுகொள்ளாமல், மாமா எதற்குப் பயந்தாரோ அதையே தொடங்கினார்: "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு..."

"அதெல்லாம் பேசியாச்சும்மா" என்றார் மாப்பிள்ளை.

எப்போது, யாரோடு பேசியாயிற்று என்று மாமா கடைசி வரைக்கும் எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தார். சித்தி அந்தக் கம்பெனியிலேயே சூப்பர்வைசர் ஆகி, போன வருடம்தான் ஓய்வு பெற்றாள்.

சென்ற மாதம் சித்தியோடும், சித்தப்பாவாகிவிட்ட அந்த மாப்பிள்ளையோடும் துரைத் தோட்டம் போனேன். நுழைய இப்போது டிக்கெட். பவுண்டனில் கலர் விளக்கோடு தண்ணீர் பீச்சுகிறது. சன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு ஏசி வைத்துவிட்டார்கள். சாத்தும் நேரத்தை ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் பணிவாகச் சொல்கிறது. ஓட்டிவிட ஆள் இல்லை. பெண் பார்க்கிற ஒரு குடும்பம்கூடக் கண்ணில் படவில்லை. எனக்கு அந்தக் கூத்தெல்லாம் இல்லாதது வெறிச்சென்று இருந்தது. முழங்கால் வலிக்காரரான சித்தப்பாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சித்தி என்னைத் தோட்டத்தின் பின் மூலைக்கு அழைத்துப் போய் ஒரு மதில் சுவரைக் காட்டினாள்.

"இங்க ஒரு சின்ன கேட்டு இருந்துச்சு, குப்ப வண்டி போறதுக்கு. அன்னிக்கு அவரு 'நிறுத்தணும்'னு சொல்லியிருந்தார்னா, பவுண்டன் பக்கமே வந்திருக்க மாட்டேன். இந்த வழியா வெளிய போயி பஸ் ஏறியிருப்பேன்."

"என்னை விட்டுட்டா?"

"ஒன்னையும் இழுத்துக்கிட்டுத்தான். கையப் புடிச்சிருந்தனே!"

பெஞ்சிலிருந்து சித்தப்பா எங்களைத் தேடி எட்டிப் பார்த்தார். சித்தி அவருக்குக் கையசைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருகிட்ட சொல்லிடாத. அன்னிக்கு அவருதான் என்னப் பொண்ணு பாத்ததா இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."