மொட்டைக்குச் சந்தனம்

திருப்பதி ஓட்டல் வரவேற்பில் உட்கார்ந்து, கணினியில் பெயரைப் பார்த்துப் பார்த்து "மீண்டும் வாங்க" என்று சிரித்தே சலித்துப்போன எனக்கு, இன்று அறையைக் காலி செய்ய வந்த குடும்பத்துக் குழந்தையின் மொட்டையிலிருந்து வந்த சந்தன வாசனையில், பாகாலா ரயில் ஸ்டேஷன் வாசலில் முன்பு இருந்த, பிறகு இடிபட்டுப்போன எங்கள் இட்லிக் கடை நினைவுக்கு வந்தது.

மலையிறங்கி வரும் குழந்தைகளின் மொட்டையில், கடையில் இருக்கும் என் அப்பா, நைனா, குளிரக் குளிரச் சந்தனம் தடவுவார். மறுவருஷம் முடி வளர்ந்து அவர்கள் மலைக்குப் போகையில் அடையாளம் தெரியாமல் "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

"மொட்ட போட்டுக்கினு வரோம்ணா, அப்ப தெரியும் உனுக்கு" என்று சிரிப்பார்கள். சொன்னபடியே வருவார்கள், குழந்தைகள் தாமாகத் தலை குனிவார்கள்.

இந்தக் குழந்தையும் அசதியில் என் மேசை விளிம்பில் தலையைச் சாய்த்தது. கையை நீட்டினேன். எட்டவில்லை, மேசை அவ்வளவு அகலம்.