மேளம் நின்ற முனை

அப்பாவுக்கு ஹார்பரில் ஷிப்ட் வேலை. குடும்பத்தையும் அப்படித்தான் நடத்தினார். ராயபுரத்தில் நாங்கள்; சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் இன்னொரு வீடு. எல்லார் கையிலும் செல்போன் முளைக்கத் தொடங்கிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஷிப்டில் இருக்கும்போது செத்துப்போனார்.

முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அந்தச் சந்து வீட்டுக்காரி ஆள் அனுப்பினாள். "அவ இந்த வாசப்படிய மிதிச்சா நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. பாடையும் அவ வூட்டாண்ட நிக்கக் கூடாது" என்றாள் அம்மா. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அந்தச் சந்து முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுத்தெருவில் அவள் பாடையை மறித்தால் மானம் போய்விடும். மூத்த மகன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ரோஜா மாலையை பக்கெட் தண்ணீரில் போட்டுவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வூட்டுக்கு வரக் கூடாது."

"வரல நைனா. முனையில ஒரு தபா மொகத்தக் காட்டு."

"அஞ்சு நிமிஷம்."

"பத்து குடு."

காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிற மாதிரி பேசி ஏழில் முடித்தோம். எழுந்தவன் சும்மா வந்திருக்கலாம். "வாய்விட்டு அழக் கூடாது, அம்மா சொல்லிக்கீறாங்க" என்று ஒன்றைச் செருகினேன். அம்மா சொல்லவே இல்லை, அது என் கடுப்பு. அவள் பக்கெட்டையே பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

எங்கள் பக்கம் மேளக்காரர்கள் ஓரிடத்தில் நின்று அடித்தால் பாடையும் நிற்கும். ஆட்டம் முடியாமல் பிணம் நகராது. அம்மாவிடம், "பாடைய நான் நிறுத்த மாட்டேன். மோளக்காரன் முனையில நின்னுட்டா நான் இன்னா பண்றது?" என்றேன்.

"மோளக்காரன நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முனையில் மேளம் நின்றது. என் தோஸ்துகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஆடினார்கள். அந்தக் கூத்துக்கு நடுவே அவள் வந்து மாலையைப் போட்டாள். முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஏழு நிமிஷம் ஆகும் முன்னே அவளே விலகிக்கொண்டாள். ஜெயித்துவிட்ட நினைப்பில் நான் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "அவ அழுதாளா?"

"வாயே தொறக்கல. அழக் கூடாதுன்னு நீ சொன்னதா சொல்லிட்டேன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத நான் எப்படா சொன்னேன்? அவளுக்கும் அவருதானேடா புருசன்."