துணி அடைத்த ஹார்ன்

எதிர்வீட்டுப் பையன் ஹைஸ்கூல் பேண்டில் சேர்ந்திருக்கிறான். நானும் ஒரு காலத்தில் பேண்டில் இருந்தவன் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். புதிதாகச் சேருகிறவன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான். தெரிந்ததைச் சொன்னேன். முதல் அடி இடது கால். முன்னால் போகிறவனின் பிடரியைப் பார்த்து நட, வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்க்காதே. வழியில் சாணி கிடந்தாலும் வரிசையை விட்டு விலகாதே. பித்தளை துலக்கப் புளியும் சாம்பலும் போதும். பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனான். நான் பேண்டில் இருந்தது மொத்தமே நாலு மாதம் என்பதை அவனிடம் சொல்லவில்லை. அந்த நாலு மாதமும், கடைசி நாளைத் தவிர, என் வாத்தியத்திலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை என்பதையும் சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நைனாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை. விடிந்தால் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுவார். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் வேதக்கோயில் பாதிரி ஐயரின் சிபாரிசில் வேலூரில் ஒரு மிஷன் ஹைஸ்கூலில் இடம் கிடைத்து, நான் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் வாரமே, என் பெட்டியைத் திறந்தால் தோல் வாடை அடிக்கிறது என்று ஒருவன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு என் பாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. அடித்தால்கூடப் பரவாயில்லை, திருப்பி அடிக்கலாம். யாரும் அடிக்கவில்லை. பேசவும் இல்லை. நான் தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

அதனால்தான் பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடிப் போய் நின்றேன். சங்கீத ஆசை எல்லாம் கிடையாது. பேண்டில் ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையே ஒரு கை தூரம்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்காகவாவது என் பக்கத்தில் ஒருவன் நிற்பான் என்று கணக்குப் போட்டேன்.

பேண்டு மாஸ்டர் பட்டாளத்தில் ஊதிவிட்டு வந்தவர். சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி என் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "தேறுவே" என்று சொல்லி, வாய் அகன்ற ஒரு பித்தளை ஹார்னைத் தூக்கி என் மடியில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷமே அதைத் திரும்ப வாங்கி, பழைய வேட்டித் துணி ஒன்றைச் சுருட்டி அதன் அகன்ற வாய்க்குள் திணித்தார். கையால் திணித்தது போதாதென்று கையிலிருந்த தடியின் முனையால் குத்திக் குத்தி இறுக்கினார்.

அது அந்தப் பேண்டின் வழக்கம். வாத்தியங்கள் பதினாறு, ஊதத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். ஊர்வலத்தில் வரிசை நிறைவாகத் தெரிய வேண்டும், ஆனால் புதியவர்கள் ஊதிக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது. ஆகவே ஈஸ்டர் சமயத்தில் மாஸ்டர் வைக்கும் ஊதல் பரீட்சையில் தேறும்வரை புதியவர்களின் வாத்தியத்தில் துணி இருக்கும். கன்னத்தை உப்பிக்கொண்டு நடக்க வேண்டியது மட்டும்தான் எங்கள் வேலை. என் பக்கத்தில் நடந்த பெரிய பையன் அந்த நாலு மாதத்தில் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "துணிய எடுத்தே, தொலைஞ்சே."

நான் எடுக்கவில்லை. ஆனால் ஊதினேன். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் முழு மூச்சையும் விட்டு ஊதினேன். தலையணைக்குள் இருமியதுபோல ஏதோ ஒன்று உள்ளேயே அமுங்கிப் போகும். பகலெல்லாம் யாரிடமும் பேசாதது அத்தனையும் அதற்குள் போயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது.

தப்பு செய்தது நைனாவுக்குக் கடிதம் எழுதியபோதுதான். பள்ளி ஆண்டு விழா ஊர்வலத்தில் நான் ஹார்ன் ஊதுகிறேன், வந்து கேட்கவும் என்று எழுதிவிட்டேன். துணியைப் பற்றி எழுதக் கை வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது, ஷாப்பில் யாராவது படித்துச் சொல்வார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு இதற்காக வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்துவிட்டார். காட்பாடியில் ரயில் இறங்கி, பாலாற்றைத் தாண்டி, நடந்தே வந்திருக்கிறார். லாங் பஜாரில் பேண்டு நுழைந்தபோது, சட்டத்தை மீறிக் கண்ணைத் திருப்பினேன். மூட்டை வண்டிகளுக்கும் ஜனங்களுக்கும் நடுவே, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சரியாக என் வரிசைக்கு நேராக அவரும் நடந்து வந்துகொண்டிருந்தார். முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு காதை மட்டும் என் பக்கம் கொடுத்திருந்தார். கோட்டை மைதானம்வரை அப்படியே வந்தார். நான் கன்னம் வலிக்க வலிக்க உப்பினேன். அவ்வளவு கூட்டத்தில் எனக்கென்று வந்த ஒரே ஆளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்தது. அழுகை வந்தது. வாய் ஹார்னில் இருந்ததால் அழ முடியவில்லை.

ஊர்வலம் கலைந்ததும் அகழி ஓரமாக ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். மடியிலிருந்து வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"எங்க, எனக்காக ஒரு தபா ஊது பாக்கலாம்" என்றார்.

"தனியா ஊதக்கூடாது நைனா. மாஸ்டர் திட்டுவாரு."

"அப்ப வேணாம்." கொஞ்ச நேரம் கடலையை உரித்தார். பிறகு, "அத்தினி பேர் ஊதுனாங்களே, உன்னுது மட்டும் தனியா கேட்டுச்சுடா. நல்லா ஊதுறே" என்றார்.

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்தது இளப்பம். இந்த மனுஷருக்கு என்ன தெரியும், எது சொன்னாலும் நம்புவார் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனேன். கூட்டமாக இருந்தது, திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது ஹார்ன் அவர் மடியில் இருந்தது. ஒரு கை முழங்கைவரை அதன் வாய்க்குள் இருந்தது. என்னைக் கண்டதும் கையை எடுத்து, துண்டால் பித்தளையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தூசு" என்றார். "ரயிலுக்கு நாழியாச்சு. நான் வர்றேன்." அவ்வளவு அவசரமாக அவர் கிளம்பி நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்திருந்தார். ஜெபப் பாட்டு, மெதுவான பாட்டு. மாஸ்டர் கையை உயர்த்தியதும், வழக்கம்போல முழு மூச்சையும் விட்டேன். கன்றைப் பறிகொடுத்த மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் கிளம்பி ஹாலை நிறைத்தது. என்னிடமிருந்துதான் அது வந்தது என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் எழுந்து போய்விட்டார்.

மாஸ்டர் ஹார்னுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "துணி எங்கடா?"

"விழுந்துட்டுச்சு சார்."

"நான் குத்தி அடைச்சது தானா விழுந்துச்சா?" என்றார். எடுத்தவன் நான், பொய் சொல்கிறவனும் நான் என்று முடிவாயிற்று. ஹார்ன் வேறு ஒருவனுக்குப் போனது. என் பாய்க்கு இரண்டு பக்கமும் அந்த ஒரு முழம் இடம் அப்படியே இருந்தது.

அன்றே நைனாவுக்கு எழுதினேன். ஊர்வலத்தன்று துணி எங்கேயோ விழுந்துவிட்டது, நான் எடுத்தேன் என்று பழி போட்டுப் பேண்டிலிருந்து துரத்திவிட்டார்கள், துணி மட்டும் இருந்திருந்தால் நானும் இருந்திருப்பேன் என்று, உள்ளதை உள்ளபடி எழுதினேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. பதில் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வருகிறவர், அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு உள்ளே வருவேன். நான் தோற்றுப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, அவர்மேல் கோபமாக இருந்தேன்.

தடியால் குத்தி அடைத்த துணி நடக்கிற நடையில் விழாது. மாஸ்டர் அன்றைக்கே சொன்ன இந்த ஒன்றை நான் புரிந்துகொள்ள இருபது வருஷம் ஆயிற்று. அதற்குள் நைனா இல்லை. பிள்ளையின் வாத்தியத்தில் எவனோ துணியை அடைத்திருக்கிறான் என்று எடுத்திருப்பார். என் ஹார்னிலிருந்து சத்தமே வரவில்லை என்பது அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். என் பொய் எனக்கே இருக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் போயிருக்கிறார். என் கடிதத்தை யார் படித்துச் சொல்ல, எந்தத் தொட்டி ஓரத்தில் நின்று கேட்டாரோ.

அந்த வருஷம் பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனபோது சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "அந்த பேண்டுல உன்ன இன்னொரு தபா சேத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். "நான் வேணா வந்து மாஸ்டர்கிட்ட பேசட்டுமா?" என்றார். நீ பேசி என்ன ஆகப்போகிறது என்றேன். அடுத்த லீவிலும் சோறு போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்த லீவிலும் கேட்டார். சொன்னதையே எத்தனை முறை சொல்வது என்று எரிந்து விழுந்தேன். நைனாவுக்கு வயதாகிறது, மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.