லூர்தம்மாளின் பானைத் தோட்டம்

மயிலாடுதுறையில் என் வீட்டுச் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. லூர்தம்மாளின் மருமகள் பேசினார். "அத்தை காலையில போய்ட்டாங்க சார்." குழாயை மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்தத் துக்கத்திலும் குழாய் நினைவுக்கு வந்தது அவரோடு பழகிய பழக்கம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிலமில்லாதவர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்திருந்த காலம் அது. கூலி உயர்வு கேட்டவர்களுக்கும் மிராசுதார்களுக்கும் ஊருக்கு ஊர் தகராறு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான நான், யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத அவருடைய ஊருக்குப் போனேன். சித்திரை வெயிலில் வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. கானலின் நடுவே ஒரு துண்டுப் பச்சை மட்டும் மிதந்தது. வெயில் கண்ணைக் கட்டுகிறது என்றே நினைத்தேன்.

கிட்டே போனால் பூசணிக்கொடி, கத்தரி, ஒரு முருங்கை. வீடு இல்லை. மிராசுதாரின் ஆட்கள் குடிசையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கொடியை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கிணற்றுப் பக்கமும் வரக்கூடாதென்று உத்தரவாம். அரை மைல் தள்ளி அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த லூர்தம்மாள், அரிசி கழுவிய நீரையும் பாத்திரம் அலசிய நீரையும் தினமும் இடுப்பில் சுமந்து வந்திருக்கிறார். செடிகளுக்கு நடுவே மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, வாயைக் கொட்டாங்கச்சியால் மூடி, மண்மேல் வைக்கோல் பரப்பியிருந்தார். பானையிலிருந்து கசிவதை வேர் குடித்துக்கொள்ளும். வெயிலுக்கு அதில் பங்கில்லை.

"காலி மனைதான், எழுதிக்குங்க" என்றார் மிராசுதாரின் காரியஸ்தர். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அன்று லூர்தம்மாளை ஒருமையில்தான் அழைத்தேன். வீடு எங்கே என்று அதட்டலாகவே கேட்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. ஒரு பானையின் மூடியை எடுத்துக் காட்டினார். உள்ளே கையளவு வானம் கிடந்தது.

"வீடு இல்லன்னு எழுதுங்க சார். ஆளு இல்லன்னு எழுதாதீங்க."

தோட்டம் வைத்து மனையைத் தன் அனுபவத்தில் வைத்திருக்கிறார் என்று எழுதினேன். காரியஸ்தர் முறைத்தார். பட்டா வந்தது.

பிறகு வருடம் தவறாமல் தை மாதத்தில் எனக்கொரு பூசணி வரும். காவிரி காய்ந்த வருடங்களிலும் அது நிற்கவில்லை. என் வீட்டுக்கு அவர் வந்திருந்தபோது, குழாயைத் திறந்து விட்டபடி நலம் விசாரித்தேன். "பேச்சு அப்புறம். மொதல்ல அத மூடுங்க" என்றார்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். கொல்லையில் அவரைக் குளிப்பாட்டிய தண்ணீர், மருமகள் மண்வெட்டியால் கீறிவிட்ட கோட்டில் முருங்கையை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அவரே கேட்டுக்கொண்டதாம். அது வேரடியில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடக்கம் முடிந்ததும், இறப்புப் பதிவுக்கான தாளை நிரப்பித் தரும்படி மருமகள் கேட்டார். பேனாவைத் திறந்தேன். பெயரை எழுதினேன். அதோடு பேனாவை மூடினேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள், லூர்தம்மா. ஆள் இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள்.