பி வேஷம் போட்ட ரத்தம்

தெருவில் அவளுக்குச் 'சர்க்கரை டாக்டர்' என்று பேர். என்ன ஆராய்ச்சி என்று யாரோ கேட்க, "ரத்தச் சிவப்பணு மேல இருக்கிற சர்க்கரை" என்று வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஓடுகிறவளை மறித்து, "வெறும் வயித்துலயே ஏறிக் கிடக்குது, காபியை விட்டுடணுமா?" என்பார்கள். "அது வேற சர்க்கரைங்க" என்று அவளும் சளைக்காமல் ஆரம்பிப்பாள். கேட்கத்தான் ஆள் இருக்காது.

வேறதான். ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலி சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்கும். கடைசித் துணுக்கு ஒரு மாதிரி இருந்தால் ஏ வகை, இன்னொரு மாதிரி இருந்தால் பி. இந்தத் துளியூண்டு வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டு ஆயுசில் பாதியைக் கழித்தாள் மகராசி. ஆய்வகமா அது? கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜில் இடிக்கும். "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று உதட்டைப் பிதுக்கிய இயக்குநரிடம், "தெரியாது சார், தெரிஞ்சுக்கத்தான் பார்க்கிறேன்" என்றவள்! அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்?

சோதனைக்கு ஏ வகை ரத்தம் வேண்டுமென்றால் வீட்டுக்காரரே கதி. பஸ் ஓட்டுகிறவர். முகம் சுளிக்காமல் கையை நீட்டுவார். "ஊர்ல பொண்டாட்டிங்க உயிரை எடுப்பாங்க, எனக்கு வாய்ச்சவ ரத்தத்தை எடுக்கிறா" என்பார்.

ஒருமுறை அந்த ரத்தம் பி சோதனையிலும் லேசாகத் திரண்டது. திரண்டால் அந்த வகை என்று அர்த்தம்; ஏ, பி இரண்டிலும் திரண்டதால் ஏபி என்று காட்டியது. பிறவியில் வந்த வகை மாறுமா? "குழாயை மாத்திட்டியா?" என்று உதவியாளப் பெண்ணைப் பிடிபிடியென்று பிடித்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் திரண்டது. அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. குடலில் கட்டி வந்து சுவர் பழுதானால், அங்கே இருக்கும் கிருமிகளின் நொதி ரத்தத்தில் கலந்து, ஏ சர்க்கரையின் நுனியைக் கொறித்து பி மாதிரி ஆக்கிவிடும். அபூர்வம்தான். ஆனால் நடக்கும்.

"எனக்கென்ன, கல்லுமாதிரி இருக்கேன்" என்றவரை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், கட்டியேதான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் ரத்த வங்கிப் பக்கம் எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பேருக்கு எடுத்து வைத்திருந்த பைகள் ஏபி! மேலே பி வேஷம் போட்டாலும், உள்ளே சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், பியை எதிர்க்கும் குணம் அவருக்கு அப்படியே இருக்கிறது. ஏபி பையில் இருக்கும் நிஜ பி ஏறினால் ஆளே போய்விடுவார்.

"திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு மேடம், ஏபிதான்" என்றார் வங்கி டாக்டர். "வீட்டுக்காரர்ங்கிறதால பதறுறீங்க."

"பதறத்தான் செய்யறேன். அவரோட அணுவைப் பார்த்தீங்க. சீரத்தைப் பார்த்தீங்களா? நிஜமான பி அணுவோட சேர்த்துப் பாருங்க. நான் தொடக்கூட மாட்டேன், நீங்களே பண்ணுங்க."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஆசைப்படுகிற கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும் என்று பயம் அவளுக்கு. அப்பேர்ப்பட்ட நேரத்திலும் அப்படி நிற்க ஒரு மனசு வேணும். டாக்டரும் வீம்பு பிடிக்கவில்லை. சொன்னபடியே செய்தார். கண்ணாடித் தகட்டில் பி அணுக்கள் மணல்போலக் கட்டி கட்டியாகத் திரண்டன. நிஜ ஏபியாக இருந்தால் திரண்டிருக்கவே கூடாது.

"ஐயோ! ஏபியை எடுங்க, ஏ வகையை அனுப்புங்க" என்று டாக்டர் கத்தினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் ஏ வகை ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், அவளைத் தவிர. தப்பான ரத்தம் ஏறினால் முதலில் குளிரும். அதனால் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் கண் திறந்தார். உதடு நடுங்கியது.

"குளிருது."

ஒரே எட்டில் போய்க் குழாயை மூடினாள். "இடுப்பு வலிக்குதா? நெஞ்சு அடைக்குதா? சொல்லுங்க!"

"அதெல்லாம் இல்லடி... ஃபேன். நேரா தலைக்கு மேல. நிறுத்தித் தொலையேன்."

ஓடிப்போய் நிறுத்தினாள். "ம்... இப்ப பரவாயில்ல" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல், நர்ஸ் ஓடிவந்து பார்க்கும்படி, அவள் ஓவென்று அழுதாள்.